குரூனும் லித்தாசும்: இரு சிறு நாணயங்களுக்கு இடையிலான வீதம் எங்கே முடிவானது?

1995 ஏப்ரலில் ஒரு லித்துவேனிய லித்தாசுக்கு ஏறத்தாழ 2.75 எஸ்தோனியக் குரூன் கிடைத்தது. 2000 அக்டோபர் இறுதியில் அதே ஒரு லித்தாசின் மதிப்பு 4.74 குரூன். ஐந்தரை ஆண்டுகளில் எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட ஏற்றம் இது. இந்த இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவர், எஸ்தோனியா தன் நாணயத்தை மதிப்பிறக்கம் செய்திருக்க வேண்டும், அல்லது லித்துவேனியப் பொருளாதாரம் திடீரென்று பெருவளர்ச்சி கண்டிருக்க வேண்டும் என்று எண்ணக்கூடும். இரண்டும் நடக்கவில்லை. அந்தக் காலம் முழுவதும் இரு நாடுகளும் தத்தம் நாணயத்தின் அதிகாரபூர்வ மதிப்பில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. இரண்டு நாணயங்களும் அசையாமல் நின்றிருக்க, அவற்றுக்கு இடையிலான வீதம் மட்டும் அசைந்தது.

இந்தப் புதிருக்கான விடை எஸ்தோனியத் தலைநகர் தாலினிலும் இல்லை, லித்துவேனியத் தலைநகர் வில்னியசிலும் இல்லை. பிராங்பர்ட்டுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் இருக்கிறது. சிறு நாடுகளின் நாணயங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று நேரடியாக வாங்கி விற்கப்படுவதில்லை. எஸ்தோனியக் குரூனைக் கொடுத்து லித்தாசு வாங்க விரும்பும் வணிகரின் வங்கி, முதலில் குரூனை ஜெர்மானிய மார்க்காகவோ அமெரிக்க டாலராகவோ மாற்றும். பிறகு அதைக் கொண்டு லித்தாசை வாங்கும். இவ்விரு பரிமாற்றங்களின் வீதங்களைப் பெருக்கியோ வகுத்தோ கிடைக்கும் எண்ணைத்தான் குறுக்கு வீதம் என்கிறார்கள். பழைய அட்டவணைகளில் இரு சிறு நாணயங்களுக்கு நேராக எழுதப்பட்டிருக்கும் வீதம் பெரும்பாலும் இப்படிக் கணக்கிட்டு எடுக்கப்பட்டதுதான். சந்தையில் யாரோ இருவர் பேரம் பேசி எட்டிய விலை அன்று.

எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய பால்டிக் நாடுகளின் கதை இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் அங்கே மாற்று வீதம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. மூன்று நாடுகளிலும் சோவியத் ரூபிள்தான் புழங்கியது. 1991-இல் விடுதலை மீண்டபோது மாஸ்கோவின் பணவீக்கமும் ரூபிள் தாள்களுக்கான தட்டுப்பாடும் சேர்ந்தே வந்தன. முதலில் விலகிக்கொண்டது எஸ்தோனியா. 1992 ஜூன் 20 அன்று குரூன் அறிமுகமாயிற்று. பத்து ரூபிளுக்கு ஒரு குரூன் என்ற கணக்கில் ஒவ்வொருவரும் 1,500 ரூபிள் வரை மாற்றிக்கொள்ளலாம் என்று வரம்பு வைத்தார்கள். எட்டுக் குரூன் ஒரு ஜெர்மானிய மார்க் என்று மதிப்பு பிணைக்கப்பட்டது. புழக்கத்திலுள்ள ஒவ்வொரு குரூனுக்கும் ஈடாக மைய வங்கியின் கையிருப்பில் அயல்நாட்டுச் செலாவணியோ தங்கமோ இருந்தாக வேண்டும் என்ற நாணய வாரிய முறை அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் மேலை நாட்டு வங்கிகளில் வைத்திருந்த எஸ்தோனியத் தங்கம் திரும்பக் கிடைத்ததுதான் அந்தக் கையிருப்புக்கு அடித்தளமாக அமைந்தது.

லித்துவேனியா நிதானமாக நடந்தது. தலோனசு என்ற இடைக்கால நாணயம் 1992 அக்டோபர் 1 முதல் அங்கே தனி நாணயமாக இருந்தது. தாள்களில் விலங்குகளின் படங்கள் இருந்ததால் மக்கள் அதை மிருகக்காட்சிசாலை நுழைவுச்சீட்டு என்று கிண்டலடித்தார்கள். பிரதமராக இருந்த கெதிமினாசு வாக்நோரியுசின் பெயரை வைத்தும் ஒரு பட்டப்பெயர் சூட்டினார்கள். 1993 ஜூன் 25 அன்று நூறு தலோனசுக்கு ஒரு லித்தாசு என்ற கணக்கில் லித்தாசு மீண்டும் பிறந்தது. சில மாதங்கள் எதனோடும் பிணைக்கப்படாமல் சந்தைப் போக்கில் மிதந்த பிறகு, 1994 ஏப்ரல் 1 அன்று, நான்கு லித்தாசு ஒரு அமெரிக்க டாலர் என்று அதுவும் நாணய வாரிய முறையின்கீழ் வந்தது. எரிபொருளுக்கான கட்டணமும் கிழக்கு நாடுகளுடனான வணிகமும் அன்று பெரிதும் டாலரில் நடந்ததை எண்ணிப் பார்த்தால், டாலரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். ஒரு டாலருக்கு எத்தனை மார்க் என்பதை எட்டால் பெருக்கினால் ஒரு டாலருக்கு எத்தனை குரூன் என்று தெரியும். அதை நான்கால் வகுத்தால் ஒரு லித்தாசுக்கு எத்தனை குரூன் என்பது வந்துவிடும். அதாவது 1994 ஏப்ரல் முதல் 2002 பிப்ரவரி வரை, லித்தாசின் குரூன் மதிப்பு என்பது டாலரின் மார்க் மதிப்பைப் போல் சரியாக இருமடங்கு. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எஸ்தோனியாவின் ஏற்றுமதி, லித்துவேனியாவின் வரவு செலவுத் திட்டம், இரு நாடுகளுக்கும் இடையிலான வணிகம் ஆகிய எவையும் இந்தச் சமன்பாட்டில் நுழையவே இல்லை. இரு நாடுகளின் மைய வங்கிகளையும் மூடிவிட்டு ஒரு பெருக்கல் வாய்பாட்டை வாசலில் ஒட்டியிருந்தாலும் இந்த வீதம் இதே வழியில்தான் போயிருக்கும் என்று சொன்னால், அது சற்றே மிகையாக இருக்கலாம்; பொய்யாக இராது.

1994 ஏப்ரலில் டாலர் 1.67 மார்க் அளவில் இருந்தது; எனவே லித்தாசு 3.3 குரூனைத் தாண்டி நின்றது. ஓராண்டுக்குள் டாலர் கடுமையாகச் சரிந்து 1.40 மார்க்குக்குக் கீழே போனது, லித்தாசும் 2.75 குரூனை ஒட்டி இறங்கியது. பிறகு டாலர் மெல்ல மீண்டது. 1998-இன் இறுதி நாளில், யூரோவுக்கு வழிவிடும் பொருட்டு மார்க் நிலைநிறுத்தப்பட்ட வேளையில், டாலரின் மதிப்பு மறுபடியும் 1.67 மார்க்கை ஒட்டியே இருந்தது. ஆகவே 1994-இன் தொடக்கப் புள்ளியையும் 1998-இன் இறுதிப் புள்ளியையும் மட்டும் ஒப்பிடுபவருக்கு எதுவுமே நிகழாதது போலத் தோன்றும். இடையில் இருந்த பள்ளம் கண்ணில் படாது. வரலாற்று வீதங்களை ஆண்டிறுதி எண்களாக மட்டும் தொகுப்பதில் உள்ள ஆபத்து இது.

யூரோ பிறந்தபின் குரூனின் பிணைப்பு மாறவில்லை. அதன் எழுத்து வடிவம்தான் மாறியது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று தீர்மானிக்கப்பட்டதால், அதை எட்டால் பெருக்கி 15.6466 குரூன் ஒரு யூரோ என்றாயிற்று. எட்டு என்ற எளிய எண்ணைச் சாதாரண மக்களும் நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது, 15.6466 என்பதைச் சட்டப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதே 1.95583-ஐத் தென்கிழக்கு ஐரோப்பாவில் இன்னொரு இணை நாணயங்களிடமும் காணலாம். பல்கேரியாவின் லெவ் 1997 ஜூலையில் ஆயிரம் லெவ் ஒரு மார்க் என்று பிணைக்கப்பட்டு, 1999 ஜூலையில் மூன்று சுழிகள் நீக்கப்பட்டபின் ஒன்றுக்கு ஒன்றானது. பொசுனியா எர்செகோவினாவின் மாற்றத்தகு மார்க்கும் ஜெர்மானிய மார்க்குக்குச் சமமாகவே உருவாக்கப்பட்டது. எனவே ஒன்றோடொன்று எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளாத இரண்டு நாடுகளின் நாணயங்கள், 2026 ஜனவரி 1 அன்று லெவ் யூரோவில் கரையும் வரை, ஒன்றுக்கு ஒன்று என்றே நின்றன. மறைந்துபோன ஒரு மூன்றாம் நாணயமே இருவருக்கும் பொது மூதாதை.

மீண்டும் பால்டிக் கரைக்கு வருவோம். 1999 ஜனவரி தொடக்கத்தில் 1.18 டாலரை ஒட்டி இருந்த யூரோ, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் தேய்ந்துகொண்டே போனது. 2000 அக்டோபர் 26 அன்று ஐரோப்பிய மைய வங்கியின் குறிப்பு வீதம் 0.8252 டாலர். அன்றைய கணக்குப்படி ஒரு லித்தாசு 4.74 குரூன், முதல் பத்தியில் சொன்ன உச்சம் இதுதான். இது லித்துவேனியாவுக்குப் பெருமை தரும் உச்சமாக இருக்கவில்லை. 1998 ஆகஸ்டில் ரஷ்ய ரூபிள் வீழ்ந்தபின், அந்நாட்டு ஏற்றுமதியாளர்கள் கிழக்குச் சந்தையை இழந்து மேற்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்த வேளையில் அவர்களுடைய நாணயம் டாலரைப் பற்றிக்கொண்டு யூரோவுக்கு எதிராக ஏறிக்கொண்டிருந்தது. மார்க்கைப் பற்றியிருந்த எஸ்தோனிய ஏற்றுமதியாளருக்கு மேற்குச் சந்தையில் இந்தச் சுமை இல்லை. 1994-இல் டாலரின் பக்கம் சாய்ந்த முடிவுக்கு லித்துவேனியா கொடுத்த விலை இது என்றே நான் கருதுகிறேன். ஆனால் 1994-இல் நின்று பார்த்தால் அந்த முடிவைத் தவறு என்று சொல்லவும் முடியாது.

முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 2002 பிப்ரவரி 2 அன்று லித்துவேனியா தன் நாணயத்தின் நங்கூரத்தை டாலரிலிருந்து யூரோவுக்கு மாற்றியது. முந்தைய நாள் யூரோவின் மதிப்பு 0.8632 டாலர். அதை நான்கால் பெருக்கிக் கிடைத்த 3.4528 லித்தாசு ஒரு யூரோ என்று புதிய பிணைப்பு அமைந்தது. மாற்றம் நடந்த அந்த ஒரு நாளில் எந்த வீதமும் குதிக்கவில்லை. டாலரில் சேமித்தவருக்கும் யூரோவில் கடன் வாங்கியவருக்கும் அன்று காலை எழுந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை. அதற்குப் பின்னர் குரூனுக்கும் லித்தாசுக்கும் இடையிலான வீதம் 4.5316 என்ற எண்ணில் உறைந்துபோயிற்று. அதுவரை மலையும் பள்ளமுமாக இருந்த வரைபடம், அங்கிருந்து அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோடு.

இவ்வளவு தற்செயலாக ஒரு நாட்டின் வீதம் நிலைபெறலாமா என்ற கேள்வி எழாமல் இராது. டாலர் ஏறத்தாழ உச்சத்தில் இருந்த வேளையில் பூட்டுப் போட்டதால், லித்தாசு யூரோவுக்கு எதிராக உயர்ந்த மதிப்பிலேயே பூட்டப்பட்டது. பூட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2008 ஜூலையில் யூரோ 1.60 டாலரை நெருங்கியது. நான்கு லித்தாசு ஒரு டாலர் என்பது அன்றுவரை தொடர்ந்திருந்தால், ஒரு யூரோவுக்கு 6.4 லித்தாசு கொடுத்திருக்க வேண்டும். ஒரு லித்தாசுக்கு 2.45 குரூன்கூடக் கிடைத்திருக்காது. ஆறு ஆண்டு இடைவெளியில் அதே நாடு, அதே உழைப்பு, அதே ஆலைகள். நங்கூரத்தின் பெயரை மட்டும் மாற்றினால் வீதம் ஏறத்தாழ பாதியாகிறது.

மூன்றாவது அண்டை நாடான லாத்வியா இடைப்பட்ட ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1993 மார்ச்சில் வந்த லாத்சு நாணயத்தை, 1994 பிப்ரவரியில் பன்னாட்டு நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமையோடு, அதில் ஒன்றுக்கு 0.7997 லாத்சு என்ற வீதத்தில் பிணைத்தார்கள். சிறப்பு எடுப்புரிமை என்பது டாலர், மார்க், பிராங்க், யென், பவுண்டு ஆகியவற்றின் கூடை. டாலர் மார்க்குக்கு எதிராக ஏறினால் கூடையும் ஏறும், ஆனால் குறைவாகவே ஏறும். ஏனெனில் கூடைக்குள்ளேயே மார்க்கும் பிராங்கும் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 1995-இல் 22 குரூனை ஒட்டி இருந்த ஒரு லாத்சு, 2000-இன் இலையுதிர் காலத்தில் 30 குரூனை ஒட்டி உயர்ந்தது. லித்தாசு கண்ட ஏற்றத்தில் இது பாதியளவே. 2005 ஜனவரி 1 அன்று லாத்சும் யூரோவுடன், ஒரு யூரோவுக்கு 0.702804 லாத்சு என்று பிணைக்கப்பட்டபோது, குரூனில் அதன் மதிப்பு 22.26 என்று அமைந்தது. பத்தாண்டு அலைச்சலுக்குப் பின் கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. எல்லைக்கோடு நடுவே ஓடும் இரட்டை நகரமான வால்காவில், எஸ்தோனியப் பக்கத்திலிருந்து லாத்வியப் பக்கத்துக்குக் கடைக்குப் போனவருக்கு, யென்னின் ஏற்ற இறக்கம்கூட ஒரு சிறு பங்கு கணக்கில் சேர்ந்திருந்தது என்பதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இந்தப் பாங்கு 1990-களின் கண்டுபிடிப்பும் அன்று. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் இதே நாணயங்கள் இருந்தன. அப்போது மூன்றாவது தரப்பாக நின்றது தங்கம். 1922-இல் வந்த லித்தாசு, பத்து லித்தாசு ஒரு டாலர் என்ற அளவில், 0.1505 கிராம் தங்கத்துக்கு நிகராக வரையறுக்கப்பட்டது. 1928-இல் வந்த குரூன், சுவீடன் குரோனாவைப் போலவே 0.4032 கிராம் தங்கத்துக்கு நிகராக இருந்தது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒரு குரூன் 2.68 லித்தாசு. 1933 ஜூனில் எஸ்தோனியா தன் நாணயத்தை 35 சதவீதம் மதிப்பிறக்கம் செய்தது. லித்துவேனியா பழைய தங்க மதிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்கா டாலரின் தங்க மதிப்பைக் குறைத்தபோது, பத்து லித்தாசுக்கு ஒரு டாலர் என்பது ஆறு லித்தாசுக்கும் குறைவு என்றானது. அங்கே லித்துவேனியாவின் அன்றைய தலைநகரான கவுனாசு எதுவும் செய்யவில்லை. வாஷிங்டனில் இடப்பட்ட ஒரு கையெழுத்து லித்தாசை உயர்த்திவிட்டது. அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு 2000-இல் நடந்ததும் இதே நாடகம்தான், மேடையின் திரை மட்டும் வேறு.

பழைய வீதங்களைத் தொகுப்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன. முதலாவது, நாணயத்தின் பெயர் மாறாமல் அலகு மாறுவதும், அலகு மாறாமல் பெயர் மாறுவதும். 1993 ஜூனைத் தாண்டிச் செல்லும் லித்துவேனிய எண்வரிசையில் தலோனசை நூறால் வகுக்க மறந்தால், ஒரே நாளில் நூறு மடங்கு ஏற்றம் நிகழ்ந்ததாகக் காட்டும். பல்கேரிய லெவ்வில் அந்தப் பிழை ஆயிரம் மடங்கு. இத்தகைய பெரிய பிழைகள் கண்ணில் பட்டுவிடும் என்பதால் அவற்றைப் பற்றி எனக்கு அதிக அச்சமில்லை.

கண்ணில் படாத பிழை சராசரியில் ஒளிந்திருக்கிறது. ஒரு நாணயத்துக்கு முதல் மாதம் 2, அடுத்த மாதம் 4 என்று வேறொரு நாணயம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 3. இதையே தலைகீழாகப் பார்த்தால், முதல் மாதம் 0.5, அடுத்த மாதம் 0.25, சராசரி 0.375. அதைத் திருப்பிப் போட்டால் 3 வர வேண்டும் என்று எதிர்பார்ப்போம், வருவதோ 2.67. கூட்டல் தவறு எதுவும் இல்லாமலே இரண்டு விடைகள். ஆண்டுச் சராசரி வீதத்தை எடுத்து அதைத் தலைகீழாக்கும் எவரும், அல்லது இரண்டு ஆண்டுச் சராசரிகளை வகுத்துக் குறுக்கு வீதம் காணும் எவரும், இந்த வேறுபாட்டைத் தம்மையறியாமல் உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். வீதம் அதிகம் ஆடும் ஆண்டுகளில்தான் பிழையும் அதிகமாகும். ஆராய்ச்சியாளருக்கு மிகவும் தேவைப்படுவதும் அதே ஆண்டுகள்தான். நாள்தோறும் குறுக்கு வீதத்தைக் கணக்கிட்டு, பிறகு சராசரி எடுப்பதே பிழை குறைந்த வழி.

இந்தச் சிக்கலைச் சட்டத்தின் மூலமே அடைத்த ஒரு தருணமும் உண்டு. 1999 முதல் யூரோவில் இணைந்த நாடுகளின் பழைய நாணயங்கள் மூன்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. பின்லாந்தின் மார்க்காவை அயர்லாந்தின் பவுண்டாக மாற்றுவதென்றால், யூரோவின் வழியாகவே மாற்ற வேண்டும், அதே விடையைத் தராத வேறு எந்தக் கணக்கு முறையையும் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறை விதித்தது. முதலில் 5.94573 என்ற வீதத்தால் வகுத்து யூரோவாக்க வேண்டும், அந்தத் தொகையை மூன்று தசம இடங்களுக்குக் குறையாமல் முழுமையாக்கலாம், பிறகு 0.787564-ஆல் பெருக்க வேண்டும். ஆறு முக்கிய இலக்கங்களைக் கொண்ட அந்த வீதங்களைச் சுருக்கவோ தலைகீழாக்கிப் பயன்படுத்தவோ அனுமதி இல்லை. சிறு நாணயங்களுக்கு இடையிலான பாதை எப்போதும் பெரிய நாணயத்தின் வழியாகவே போகிறது என்ற நடைமுறை, இங்கே சட்டத்தின் சொற்களிலேயே எழுதப்பட்டுவிட்டது.

நேர்கோடாக உறைந்த வீதம் எதையும் சொல்வதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 2008 நவம்பரில் லாத்வியாவின் பரெக்ஸ் வங்கியை அரசு கையகப்படுத்த நேர்ந்தது. பன்னாட்டு நாணய நிதியமும் ஐரோப்பிய ஒன்றியமும் பிற நாடுகளும் சேர்ந்து 7.5 பில்லியன் யூரோ உதவிக்கு உடன்பட்டன. லாத்சை மதிப்பிறக்கம் செய்தே ஆக வேண்டும் என்று பல பொருளியலாளர்கள் வாதிட்டார்கள், லாத்விய அரசு மறுத்துவிட்டது. 2009-இல் மூன்று நாடுகளின் உற்பத்தியும் ஏழில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. அரசு ஊழியர்களின் சம்பளம் வெட்டப்பட்டது. வேலை இழந்தவர்கள் வேறு நாடுகளுக்குப் போனார்கள். வழக்கமாக நாணய வீதம் தாங்கிக்கொள்ளும் அடியைச் சம்பளமும் வேலைவாய்ப்பும் தாங்கின. அந்த ஆண்டின் அட்டவணையைத் திறந்து பார்த்தால், ஒரு லித்தாசுக்கு 4.53 குரூன், ஒரு லாத்சுக்கு 22.26 குரூன் என்று முந்தைய ஆண்டின் எண்கள் அப்படியே இருக்கும். அமைதியான எண்வரிசை அமைதியான காலத்தைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்பவர் இந்த ஒரு ஆண்டிலேயே ஏமாந்துபோவார். விலைவாசியையும் சம்பளத்தையும் சேர்த்துக் காணும் உண்மை மாற்று வீதத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் 2009 என்ற ஆண்டு அட்டவணையில் தெரியத் தொடங்கும்.

குரூன் 2011 ஜனவரி 1 அன்று யூரோவுக்கு இடம் கொடுத்தது. லாத்சு 2014-இல் பின்தொடர்ந்தது. லித்தாசின் வாழ்நாள் சற்று நீண்டது. 2007-லேயே யூரோவில் சேர்ந்துவிட வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டில் விண்ணப்பித்திருந்த லித்துவேனியா, பணவீக்க வரம்பை ஏறத்தாழ 0.1 சதவீதப் புள்ளி தாண்டிவிட்டது என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டு, 2015 ஜனவரி 1 வரை காத்திருந்தது. ஆகவே 2011 முதல் 2014 வரையிலான நான்கு ஆண்டுகளுக்குக் குரூன்-லித்தாசு வீதம் என்று எவரேனும் எண்கள் கொடுத்தால், ஒரு பக்கத்தில் நாணயமே இல்லாமல் தொடர்ந்த வாய்பாடு அது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று மைய வங்கிகளும் தத்தம் பழைய தாள்களைக் காலவரம்பு எதுவும் இன்றி, நிலைநிறுத்தப்பட்ட வீதத்திலேயே, கட்டணமில்லாமல் யூரோவாக மாற்றித் தருகின்றன. பாட்டியின் அலமாரியில் 4,531 குரூன் கண்டெடுத்த எஸ்தோனியருக்குத் தாலினில் 289.58 யூரோ கிடைக்கும். ஆயிரம் லித்தாசு கண்டெடுத்த லித்துவேனியருக்கு வில்னியசில் 289.62 யூரோ கிடைக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள நான்கு காசு வேறுபாடு 4.5316-ஐ 4.531 என்று வெட்டியதால் வந்தது. குரூனைக் கொடுத்து லித்தாசு கேட்டால் மட்டும் எந்த முகப்பிலும் கிடைக்காது.